தாழ்ப்பாளை நீக்கியது யார்? 'தி ஷைனிங்' படமும் ஒரு தீராத வாதமும்

ஸ்டீபன் கிங் 1977-இல் வெளியிட்ட நாவலைத் தழுவி ஸ்டான்லி குப்ரிக் 1980-இல் எடுத்த 'தி ஷைனிங்' படத்தில் வரும் பேய்கள் மெய்யா, நாயகனின் மனக்கோளாறா என்று யார் எங்கே வாதிட ஆரம்பித்தாலும், சிறிது நேரத்தில் பேச்சு ஒரு கதவின் முன்னால் வந்து நின்றுவிடும். பனி மூடி வெளியுலகத் தொடர்பு அறுந்துபோன ஓவர்லுக் ஓட்டலில், புத்தி பேதலித்துவிட்ட கணவன் ஜாக்கை பேஸ்பால் மட்டையால் அடித்து வீழ்த்தும் வெண்டி, அவனை இழுத்துக்கொண்டு போய் மளிகைச் சாமான் அறைக்குள் தள்ளி வெளியே தாழிட்டுவிடுகிறாள். மயக்கம் தெளிந்த ஜாக் உள்ளேயிருந்து கதவைத் தள்ளிப் பார்க்கிறான், கெஞ்சுகிறான், மிரட்டுகிறான். கதவு அசைவதாக இல்லை. மாலை நான்கு மணி என்று ஓர் அட்டை காட்டப்பட்ட பிறகு, சாமான்களுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருப்பவனைக் கதவு தட்டும் ஓசை எழுப்புகிறது. வெளியே பேசுவது கிரேடியின் குரல். கிரேடி, முன்னொரு குளிர்காலத்தில் அதே ஓட்டலைக் காவல்காத்து, மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கொன்றுவிட்டுத் தானும் மாண்டவன். இனித் தயங்குவதில்லை என்று ஜாக் அவனுக்கு வாக்குக் கொடுக்கிறான். தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்கிறது. அடுத்து நாம் ஜாக்கைப் பார்க்கும்போது அவன் வெளியே இருக்கிறான், கையில் கோடரி இருக்கிறது.

பாளையங்கோட்டையில் பழைய படங்களைக் கூடிப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருக்கும் எங்கள் நண்பர் வட்டத்திலும் இந்த இடத்தில்தான் குரல்கள் உயரும். "பேயே கெடையாதுன்னா தாழ்ப்பாள நீக்குனது யாரு அண்ணாச்சி?" என்று இளையவர் ஒருவர் கேட்டால், பணி ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் சளைக்காமல், "ஏலே, நீ சத்தத்தத்தான கேட்ட? நீக்குன கையப் பாத்தியா?" என்று திருப்பிக் கேட்பார். அந்த எதிர்க்கேள்வி வெறும் குதர்க்கம் என்று ஒதுக்கத்தக்கதல்ல. தாழ்ப்பாள் வெளிப்புறத்தில் இருக்கிறது, கேமராவோ ஜாக்கோடு உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஒரே ஒரு காட்சித் துண்டை எடுத்திருந்தால் வாதம் அங்கேயே முடிந்திருக்கும். குப்ரிக் அதைச் செய்யவில்லை.

இத்தனைக்கும், அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி குப்ரிக்கே பேசியிருக்கிறார். பிரெஞ்சு விமர்சகர் மிஷேல் சிமாங்குக்கு அளித்த நேர்காணலில், நாவலில் தன்னைக் கவர்ந்தது மனநிலைக்கும் அமானுஷ்யத்துக்கும் இடையே அது காத்த சமநிலைதான் என்கிறார். இவன் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறான், ஆகையால் கற்பனை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டே வாசகர் கதைக்குள் இறங்கிவிடுகிறார். அமானுஷ்யத்தின் மேல் வர வேண்டிய சந்தேகம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. கிரேடி தாழ்ப்பாளை நீக்கும் இடத்தில்தான் அமானுஷ்யத்தைத் தவிர வேறு விளக்கம் இல்லாமல் போகிறது என்பது அவர் சொன்னதன் சாரம். அதே பேச்சில் அவர் ஸ்டீபன் கிரேன் எழுதிய 'தி புளூ ஹோட்டல்' என்ற கதையையும் உவமை காட்டுகிறார். அதில் ஒருவன் எல்லோர்மேலும் சந்தேகப்பட்டு, சீட்டாட்டத்தில் எதிராளி ஏமாற்றுகிறான் என்று சண்டை பிடித்து, கடைசியில் வேறோர் இடத்தில் குத்துப்பட்டுச் சாகிறான். அவனுடைய சந்தேகப் புத்திதான் அவனைக் கொன்றது என்று நாம் முடிவுகட்டிய பிறகு, எதிராளி உண்மையிலேயே ஏமாற்றிக்கொண்டுதான் இருந்தான் என்பது தெரியவருகிறது. மனக்கோளாறு உள்ளவன் சொல்வது மெய்யாகவும் இருக்கலாம். அவனுடைய கோளாறையே திரையாகப் பிடித்துக்கொண்டு அந்த மெய்யைக் கடைசிவரை மறைத்துவைக்கலாம். குப்ரிக் கற்றுக்கொண்ட உத்தி இதுதான்.

இயக்குநரே சொல்லிவிட்டாரே, பிறகென்ன வாதம் என்று கேட்கலாம். ஆனால் இயக்குநர் நேர்காணலில் சொன்னது வேறு, திரையில் வைத்தது வேறு. எல்லாம் ஜாக்கின் மனக்கோளாறே என்னும் மனநிலைக் கட்சிக்காரர்களின் கையில் இருக்கும் சான்றுகள் இலேசானவை அல்ல. ஜாக் ஆவிகளைப் பார்க்கும் இடங்களிலெல்லாம் அவன் எதிரே ஒரு கண்ணாடி இருக்கிறது என்பதை ரசிகர்கள் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு குவளை பீருக்காக ஆன்மாவையே தந்துவிடுவேன் என்று சொன்ன மாத்திரத்தில் லாயிட் என்ற மதுப் பரிசாரகன் தோன்றும் பாரில், சீசாக்களுக்குப் பின்னால் கண்ணாடி. கிரேடியோடு அவன் பேசும் சிவப்புக் கழிப்பறையிலும் கண்ணாடி. 237-ஆம் அறையில் தன்னை அணைத்திருக்கும் பெண்ணின் உடல் அழுகியிருப்பதை அவன் காண்பதும் கண்ணாடி வழியாகத்தான். தன்னையே பார்த்துப் பேசிக்கொள்பவன் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்கிறார்கள். வெண்டி ஓடிவரும்போது பாரில் பரிசாரகனும் இல்லை, ஒரு சீசாவும் இல்லை.

சாமான் அறையில் கண்ணாடி கிடையாது. எனவே கண்ணாடி விதி அங்கே உடைந்துவிட்டது என்று பேய்க் கட்சிக்காரர்கள் மடக்குவது வழக்கம். எனக்கு இது சரியான மடக்காகப் படவில்லை. அங்கே கண்ணாடியும் இல்லை, கிரேடியின் உருவமும் இல்லை. குரல் மட்டுமே இருக்கிறது. பார்ப்பதற்குத்தான் கண்ணாடி வேண்டும் என்று விதியைக் கொஞ்சம் திருத்திக்கொண்டால், அந்தக் காட்சி விதிக்குள்ளேயே அடங்கிவிடும். மீதி நிற்பது தாழ்ப்பாள் ஒன்றுதான். வெண்டி தாழிடும்போது கை நடுங்கித் தடுமாறுகிறாள், ஆகவே அது சரியாக விழவில்லை என்று சொல்பவர்கள், ஜாக் உள்ளேயிருந்து மோதியும் கதவு திறக்கவில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். மகன் டேனி ஏதோ ஒரு வசத்தில் வந்து திறந்துவிட்டான் என்று இன்னொரு விளக்கமும் உலவுகிறது. அந்த நேரத்தில் டேனி எங்கே இருந்தான் என்பதைப் படம் காட்டாததால் இதை முற்றாக மறுக்கவும் முடியாது, காட்டாத ஒன்றை வைத்து நிறுவவும் முடியாது.

இந்த வாதத்தில் இரண்டு கட்சிகளுமே கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. அமானுஷ்யம் இருக்கிறதா இல்லையா என்பதில் இந்தப் படம் ஒருபோதும் மழுப்பியதில்லை. சமையற்காரர் ஹாலரன் வாயைத் திறக்காமலே டேனியோடு பேசுகிறார். மயாமியில் கட்டிலில் படுத்திருக்கும்போது மலைமேல் இருக்கும் சிறுவனின் அச்சம் அவரை எட்டுகிறது. விமானம் ஏறி, பனியில் ஓடும் வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு வருகிறார். வந்தவுடன் ஜாக்கின் கோடரிக்குப் பலியாகிவிடுகிறார் என்றாலும், அவர் கொண்டுவந்த வண்டியில்தான் தாயும் பிள்ளையும் தப்புகிறார்கள். ஓட்டலில் ஏற்கெனவே இருந்த வண்டியை ஜாக் பழுதாக்கிவிட்டான். ஷைனிங் என்ற அந்தச் சக்தி பொய் என்றால், அவர்கள் ஏறிப்போன வண்டியும் பொய் என்றாகும். ஆக, பேயா மனமா என்ற கேள்வியின் ஒரு பாதிக்குப் படம் முன்கூட்டியே விடை சொல்லிவிட்டது. எஞ்சியிருக்கும் கேள்வி வேறு: அந்த ஓட்டலில் இருப்பவை காட்சியாகத் தெரிய மட்டும்தான் முடியுமா, அல்லது கைநீட்டித் தொடவும் முடியுமா?

இந்தக் கேள்வியைப் படமே எழுப்புகிறது. ஓரிடத்தில் நடந்த சம்பவம், ரொட்டி கருகினால் நிற்கும் வாடையைப் போல, ஒரு தடத்தை விட்டுப்போகும் என்று ஹாலரன் டேனியிடம் சொல்கிறார். பிறகு, நடைக்கூடத்தில் கிரேடி கொன்ற அந்த இரண்டு சிறுமிகளையும் பார்த்து அரண்டுபோகும்போது, இவையெல்லாம் புத்தகத்தில் இருக்கும் படங்களைப் போன்றவை, மெய்யல்ல என்று அவர் சொன்னதாக டேனி தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்கிறான். படம் வகுக்கும் விதி இது: பார்க்கலாம், பயப்படலாம், ஆனால் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த விதி மீறப்படும் இடங்கள் இரண்டே. ஒன்று தாழ்ப்பாள். மற்றது டேனியின் கழுத்தில் இருக்கும் காயம்.

கழுத்துக் காயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தாழ்ப்பாளைவிட அதுதான் நுட்பமான வேலை என்பது என் கருத்து. தரையில் விளையாடிக்கொண்டிருக்கும் டேனியிடம் ஒரு பந்து உருண்டு வருகிறது. உருட்டிவிட்டவர் யாரையும் காணோம். 237-ஆம் அறை திறந்திருக்கிறது, சாவி கதவிலேயே தொங்குகிறது. அவன் வாசலை நெருங்குவதோடு காட்சி வெட்டப்பட்டுவிடுகிறது. அதே வேளையில் ஜாக் மேசைமேல் தலைசாய்த்தபடி அலறுகிறான். மனைவியையும் மகனையும் தான் கொன்றுவிட்டதாகக் கனவு கண்டிருக்கிறான். வெண்டி அவனைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது, சட்டை கிழிந்து, கழுத்தில் விரல் தடங்களோடு டேனி வந்து நிற்கிறான். வெண்டி உடனே கணவன்மேல் பாய்கிறாள். முன்பு ஒருமுறை குடிவெறியில் பிள்ளையின் தோள்மூட்டை இழுத்து நகர்த்தியவன் அவன். அறையில் இருந்த ஒரு பெண் நெரித்தாள் என்று டேனி சொன்ன பிறகு, ஜாக் போய்ப் பார்த்து, அந்த அழுகிய உடலைத் தன் கண்ணால் கண்டுவிட்டுத் திரும்பி, அங்கே ஒன்றுமே இல்லை, பிள்ளை தனக்குத்தானே செய்துகொண்டிருப்பான் என்கிறான். நெரித்தவர் பேயா, தகப்பனா, பிள்ளையேவா என்று மூன்று பேரை நம் முன் நிறுத்திவிட்டு, நெரித்ததை மட்டும் காட்டாமல் விட்டிருக்கிறார் இயக்குநர். தாழ்ப்பாளிலும் இதே கணக்குதான். பேய்களை நமக்குத் தாராளமாகக் காட்டுகிறார். பேய் தொடும் கணத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் கதவுக்கு அப்பால் வைத்துவிடுகிறார். 237-ஆம் அறைப் பெண் ஜாக்கைத் தழுவுகிறாளே என்றால், அது அவன் கண்ணாடியில் பார்க்கும் காட்சி, பிறகு தடயம் எதையும் விட்டுப்போகாத காட்சி.

இந்த வேறுபாடு திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு எளிதில் பிடிபடுகிறது என்பதை எங்கள் கூட்டத்தில் கவனித்திருக்கிறேன். இங்கே அந்தி சாய்ந்தபின் ஒற்றைப்பனைப் பக்கம் போய்வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், வீட்டிலுள்ள பெரியவர்கள் முதலில் விசாரிப்பது இரண்டில் எது என்பதைத்தான். பார்த்துப் பயந்திருந்தால் திருநீறு போட்டால் தெளிந்துவிடும். அல்லது பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வருபவர்களிடம் ஓதி ஊதிக்கொள்வார்கள். காத்துக் கருப்பு அடித்திருந்தால் பரிகாரம் வேறு, ஆளும் வேறு. அதே பிள்ளையை மறுநாள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போவார்கள்; அதில் அவர்களுக்கு எந்த முரண்பாடும் தோன்றாது. கொடை விழாக்களில் சாமி வந்தவர் கொதிக்கும் மஞ்சள் நீரைப் பாளையால் வாரித் தன் மேனியெங்கும் விட்டுக்கொள்ளும்போது, சுற்றி நிற்கும் ஊர் கும்பிடவும் செய்கிறது, தோலையும் பார்க்கிறது. காவல் தெய்வமான சுடலைமாடன் உண்டா என்பது அங்கே கேள்வியாகவே எழுவதில்லை. இந்த ஆள்மேல் இன்றைக்கு வந்திருப்பது மாடன்தானா என்ற சந்தேகம் மட்டும் வெளிப்படையாகவே பேசப்படும். உடம்பில் படும் தடயத்தை வைத்து எடைபோடும் இந்தப் பழக்கம் இருப்பதால்தான், 'எல்லாம் அவன் மனசுலதான்' என்று ஒருவர் சொன்னால், 'அப்போ புள்ள கழுத்துல கெடக்குற தடம் யாரு மனசுல வே?' என்று இங்கே உடனே கேட்கிறார்கள். பனியும் பிரம்மாண்ட ஓட்டலும் அந்நியம் என்றாலும், அடைமழையில் பாதை அடைபட்டுவிட்ட, மாஞ்சோலை மலைமேல் இருக்கும் குதிரைவெட்டி பங்களாவில் குடும்பத்தோடு மாட்டிக்கொண்ட காவல்காரன் என்று வைத்துக்கொண்டால் மீதிக் கதை எங்களுக்குப் புரிந்துவிடுகிறது.

நாவலைப் படித்தவர்களுக்கு இந்த வாதமே கொஞ்சம் விந்தையாகத் தோன்றும். கிங்கின் நாவலிலும் கிரேடிதான் தாழ்ப்பாளை நீக்குகிறான். ஆனால் அதற்குள் விலங்கு வடிவில் வெட்டப்பட்ட புதர்ச்செடிகள் நகர்ந்து வந்து மனிதர்களைத் தாக்கியிருக்கின்றன. ஓட்டல் ஒரு தீய சக்தி, அது டேனியின் ஆற்றலை விழுங்கப் பார்க்கிறது என்பது ஐயத்துக்கிடமின்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. நாவலின் ஜாக் குடியோடு போராடித் தோற்கும் நல்ல தகப்பன். கடைசி நொடியில் தன்னுணர்வு வந்து மகனை ஓடிப்போகச் சொல்கிறான். கவனிப்பாரற்ற கொதிகலன் வெடித்து ஓட்டல் எரிந்துபோகிறது. ஹாலரன் பிழைத்துக்கொள்கிறார். குப்ரிக், டயான் ஜான்சனோடு சேர்ந்து திரைக்கதை எழுதியபோது புதர் விலங்குகளை எடுத்துவிட்டுப் புதர்ச் சுவர்களாலான சிக்குப்பாதையை வைத்தார், கொதிகலனை விட்டார், ஜாக்கைப் பனியில் உறையவைத்தார். நாவல் நெருப்பில் முடிகிறது, படம் பனியில் முடிகிறது என்று கிங்கே குறைப்பட்டுக்கொண்டதுண்டு. ஜாக் ஆரம்பத்திலேயே கிறுக்கன் போல் தெரிகிறான் என்ற குறையும் அவருக்கு இருந்தது. அந்தக் குறை நியாயமானதே. ஆனால் ஆரம்பத்திலேயே அப்படித் தெரிவதால்தான் நாம் எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவனுடைய நல்ல குணத்தைப் பறித்துக்கொண்டு அதற்கு ஈடாகப் படம் பெற்றது இந்த ஐயத்தைத்தான்.

இப்படிப்பட்ட ஐயத்தை ஒரு கதைவகையின் உயிர்நாடியாகவே கருதியவர் இலக்கியக் கோட்பாட்டாளர் த்ஸ்வெதான் தொடொரோவ். 1970-இல் வெளிவந்த நூலில், வாசகர் நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் தயங்கி நிற்கும் வரைதான் அந்த வகை நீடிக்கும் என்றும், எந்தப் பக்கம் முடிவானாலும் கதை வேறு வகைக்குள் நழுவிவிடும் என்றும் அவர் வாதிட்டார். அவர் மனத்தில் இருந்த கதைகளுள் ஒன்று ஹென்றி ஜேம்ஸ் 1898-இல் எழுதிய 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ'. அதில் வரும் பேய்கள் குழந்தைகளைப் பராமரிக்க வந்த இளம்பெண்ணின் அடக்கப்பட்ட மனத்தின் வெளிப்பாடுகளே என்று எட்மண்ட் வில்சன் 1934-இல் எழுதிய கட்டுரை கிளப்பிய சண்டை இன்னும் ஓயவில்லை. அக்கதையைத் தழுவி 1961-இல் வந்த 'தி இன்னொசென்ட்ஸ்' படத்தில் ஒரு காட்சி உண்டு: வகுப்பறையில் உட்கார்ந்து அழும் பெண்ணுருவம் மறைந்த பிறகு, நாயகி அங்கே போய்த் தொட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கிறது. ஒரு கண்ணீர்த்துளி. அந்தப் படத்தின் ரசிகர்களுக்கு அந்தத் துளிதான் தாழ்ப்பாள். தமிழில் இதற்கு இணையாக நிறுத்த புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' இருக்கிறது. பேயை நம்பாத ஒரு எழுத்தாளனின் வாயாலேயே வீட்டுக்குள் நுழைந்த அச்சத்தைச் சொல்லவைத்து, எந்தப் பக்கமும் சாயாமல் நிறுத்திய கதை அது. நெல்லைக்காரர் ஒருவர் அதை எழுதினார் என்பதில் எனக்கு வியப்பில்லை.

மறுபடியும் 'தி ஷைனிங்' படத்துக்கு வந்தால், இறுதிப் பகுதியில் வெண்டியும் பார்க்கத் தொடங்கிவிடுகிறாள். அதுவரை எதையும் காணாதவள் அவள். மின்தூக்கிக் கதவுகளிலிருந்து இரத்தம் வெள்ளமாகப் பாய்வதை அவள் காண்கிறாள். அந்த ஓட்டலுக்கு வருமுன்பே டேனியின் கண்ணுக்குத் தெரிந்த அதே காட்சி அது. தூக்கமில்லாத அச்சத்தில் எவருக்கும் எதுவும் தோன்றும் என்பது சரி. ஆனால் மகன் பார்த்ததும் தாய் பார்த்ததும் ஒன்றாக இருப்பதற்கு அச்சம் போதுமான காரணம் ஆகாது. அப்போதும்கூட அந்த இரத்தம் அவள் காலை நனைக்கவில்லை. முடிவில் வரும் பழைய புகைப்படத்தில் 1921-ஆம் ஆண்டு ஜூலை 4 விருந்தில் ஜாக் சிரித்துக்கொண்டு நிற்பதை, மறுபிறப்பைச் சுட்டுவதாக குப்ரிக் விளக்கினார். மேலாளர் உல்மன் சார்லஸ் கிரேடி என்று சொன்ன காவல்காரன், கழிப்பறையில் தன்னை டெல்பர்ட் கிரேடி என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும் முரணையும் மறுபிறப்புக் கட்சியார் அதற்குத் துணையாக அழைக்கிறார்கள். எனக்கு அந்த வழி அவ்வளவாக ஒட்டவில்லை. இந்தப் படத்துக்குள் ஒளிந்திருப்பதாக ரசிகர்கள் சொல்லும் பொருள்களைத் தொகுத்த 'ரூம் 237' என்ற 2012-ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் வருவது போன்ற கோட்பாடுகளுக்கு அது கதவைத் திறந்துவிடுகிறது, அந்தக் கதவை மூட ஆளில்லை.

வாதிடுபவர்கள் முதலில் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது, பார்த்தது எந்தப் பதிப்பு என்பதைத்தான். அமெரிக்காவில் வெளியான சில நாட்களில், உல்மன் மருத்துவமனைக்கு வந்து வெண்டியைப் பார்க்கும் கடைசிக் காட்சியை குப்ரிக் வெட்டிவிட்டார். ஓட்டலில் தேடியவர்கள் விபரீதமாக எதையும் காணவில்லை என்று உல்மன் சொல்லிவிட்டு, போகும்போது டேனியிடம் ஒரு பந்தை எறிவதாக அமைந்திருந்த காட்சி அது. எஞ்சிய 144 நிமிடப் பதிப்பு அமெரிக்காவுக்கு. ஐரோப்பாவுக்காக அதையும் அவரே 119 நிமிடங்களாகக் குறைத்தார். குறைத்ததில் போனவற்றுள் இரண்டு முக்கியமானவை: டேனியைப் பரிசோதிக்க வந்த பெண் மருத்துவரிடம், கணவன் குடியில் பிள்ளைக்குச் செய்ததை வெண்டி தயங்கித் தயங்கிச் சொல்லும் காட்சி ஒன்று, ஓட்டல் கூடத்தில் நூலாம்படை படிந்த எலும்புக்கூடுகளை அவள் காணும் காட்சி மற்றொன்று. முன்னது மனநிலைக் கட்சியின் அடித்தளம், பின்னது பேய்க் கட்சியின் கடைசிச் சாட்சி. இரு தரப்புச் சான்றுகளையும் ஒரே கத்தரியால் நறுக்கியவர் தாழ்ப்பாள் சத்தத்தை மட்டும் இரண்டு பதிப்புகளிலும் தொடாமல் விட்டிருக்கிறார். எங்கள் ஆசிரியர் முதலில் பார்த்தது குறும்பதிப்பு, அவரோடு மல்லுக்கு நிற்கும் இளையவர் பார்த்தது நெடும்பதிப்பு. இது தெரிந்த பிறகு, அடுத்த முறை இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. எதை முதலில் போடுவது என்பதில் இன்னும் உடன்பாடில்லை.